பாலைவனப் பொதுநிலத்தில் குறி சுடுவது: அரிசோனாவில் முதல்முறை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

ஃபீனிக்ஸ் பக்கம் குடிவந்தவர்கள் முதல்முறை பாலைவனத்தில் குறி சுடக் கிளம்பும்போது பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து ஓர் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி, தோட்டா, சுடுவதற்கு ஒரு பழைய டிவி, இரண்டு பாட்டில் தண்ணீர். அங்கே போய் இறங்கிய பிறகுதான் "இங்கே சுடலாமா?" என்ற கேள்வி வருகிறது. அங்கே பதில் கிடைக்காது. பாதி இடங்களில் சிக்னலே இருக்காது.

கேட்க வேண்டிய வரிசை வேறு. துப்பாக்கியைத் தொட எனக்கு உரிமை உண்டா? நிலம் யாருடையது? அதில் இந்தத் துண்டு சுடுவதற்குத் திறந்ததா? இன்றைக்கும் திறந்திருக்கிறதா? எந்த மேட்டைப் பார்த்துச் சுடுவது என்பது இவை எல்லாவற்றுக்கும் அப்புறம். ஒன்றில் 'இல்லை' வந்துவிட்டால் அடுத்ததற்குப் போகவே வேண்டாம். கீழே அதே வரிசையில் எழுதியிருக்கிறேன். அரிசோனாவை வைத்துச் சொல்கிறேன். நெவாடா, கலிஃபோர்னியாவில் மாறுகிற இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

நம் ஆட்கள் விழும் பெரிய பள்ளம் இது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பதை அமெரிக்க ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. கடையில் வாங்குவதற்கு மட்டும்தான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நண்பரின் துப்பாக்கியை ஐந்து நிமிடம் வாங்கி இரண்டு ரவுண்டு சுடுவதும் கைவசம் வைத்திருப்பதுதான். உச்சபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. அதோடு விசாவும் போகும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்கள் பெயரில் இருந்தால் தடை விலகும். நீங்கள் வேட்டைக்குப் போகாமல் குறி மட்டும் சுடுகிறவராக இருந்தாலும் அது செல்லும். அரிசோனாவில் பெரியவர்கள் பயிற்சி வகுப்பு முடிக்காமலே இணையத்தில் வாங்கிவிடலாம். வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். நெவாடாவில் 1960 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்று காட்ட வேண்டும்.

இதிலும் தவறு நடக்கிறது. என்னோடு வந்த ஒருவர் பெருமையாக நீட்டிய அட்டையை வாங்கிப் பார்த்தால் அது மீன்பிடி உரிமம். துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லும் அனுமதி அட்டையும் வேட்டை உரிமத்துக்கு ஈடாகாது. உரிமத்தைத் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருப்பது, பேட்டரி தீர்ந்தால் இல்லாத மாதிரிதான்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருப்பது கார்டு வந்ததாக ஆகாது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, மாமனார் கதையும் இதுதான். "ஒரு போட்டோவுக்குத்தானே, சும்மா பிடிக்கட்டும்" என்று துப்பாக்கியைக் கையில் கொடுக்காதீர்கள். வாங்கியவரோடு கொடுத்தவரும் மாட்டுவார். உங்கள் நிலைமை கொஞ்சம் சிக்கலானது என்றால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகு கிளம்புங்கள்.

2. நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள்

பாலைவனம் கண்ணுக்கு ஒரே மண், ஒரே முள். காகிதத்தில் அது சதுரங்கப் பலகை. வேலி இல்லாததால் பொதுநிலம் என்று முடிவு செய்வதுதான் இரண்டாவது தவறு.

நில உடைமையை நிறத்தில் காட்டும் வரைபடம் வேண்டும். ஆன்எக்ஸ், அவென்ஸா போன்ற செயலிகளில் கிடைக்கும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே அந்தப் பகுதியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நிறங்கள் இவை. உங்கள் வரைபடத்தின் குறிவிளக்கத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

மஞ்சள் பி.எல்.எம். நிலம். ஃபெடரல் அரசின் நில மேலாண்மைத் துறையைத்தான் எல்லோரும் பி.எல்.எம். என்கிறார்கள். அரிசோனாவில் மட்டும் சுமார் 1.2 கோடி ஏக்கர் அதன் கையில் இருக்கிறது. மூடப்படாத இடங்களில் பாதுகாப்பாக, எதையும் சேதப்படுத்தாமல் சுடலாம் என்பதுதான் அங்கே பொதுவான நிலை. தனி அனுமதியோ கட்டணமோ தேவையில்லை. நாம் தேடுவது இந்த மஞ்சளைத்தான்.

நீலம் மாநில அறக்கட்டளை நிலம். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இது பொதுநிலம் மாதிரியே கிடக்கும். உள்ளே போக அனுமதிச் சீட்டும் விற்கிறார்கள். ஆனால் சீட்டு இருந்தாலும் அரிசோனாவின் நீல நிலத்தில் குறி சுடக்கூடாது. உரிமத்தோடு, பருவத்தில் வேட்டையாடுவது வேறு கணக்கு. மஞ்சளும் நீலமும் மைலுக்கு ஒன்றாக மாறி மாறி வரும் இடங்கள் உண்டு. ஆகவே நீங்கள் நிற்கும் புள்ளி மஞ்சளில் இருந்தால் மட்டும் போதாது. குண்டு போய் விழும் மேடும் மஞ்சளிலேயே இருக்க வேண்டும்.

பச்சை தேசியக் காடு. பெயர்தான் காடு, டூசானைச் சுற்றிப் பல இடங்களில் அதுவும் கள்ளிப் பாலைவனமே. சுடலாம், ஆனால் வீடு, கட்டடம், முகாம், ஆட்கள் இருக்கும் இடம் எதிலிருந்தும் 150 யார்டுக்குள் சுடக்கூடாது. யாருக்காவது ஆபத்து வரும்படி காட்டுச் சாலையின் மீதோ குறுக்காகவோ சுடுவதும், குகைக்குள் சுடுவதும் குற்றம்.

வெள்ளை தனியார் நிலம். ஆரஞ்சு பழங்குடியினரின் நிலம். அது அவர்களுடைய ஆட்சிப் பகுதி, பொதுநிலம் கிடையாது. இளஞ்சிவப்பு ராணுவம். தென்மேற்கில் பேரி கோல்ட்வாட்டர் பயிற்சித் தளத்துக்குள் நுழையவே அனுமதி வேண்டும். வெடிக்காத குண்டுகள் மண்ணில் கிடக்கும் இடம் அது. ஊதா தேசியப் பூங்கா. அங்கே குறி சுடும் பேச்சே இல்லை. கலிஃபோர்னியாவில் மொஹாவி தேசியக் காப்பகத்தில் வேட்டைக்கு அனுமதி உண்டு, குறி சுட அனுமதி இல்லை. வேட்டையாடும் ஆளைப் பார்த்துவிட்டு "இங்கே சுடலாம்போல" என்று இறங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

3. மஞ்சளுக்குள்ளும் மூடிய துண்டுகள் உண்டு

நிறம் பார்த்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. பி.எல்.எம். கையில் இருந்தும் குறி சுட மூடிய பகுதிகள் நிறைய. டூசானுக்கு வடமேற்கே அயர்ன்வுட் ஃபாரஸ்ட், ஃபீனிக்ஸுக்கு வடக்கே அகுவா ஃப்ரியா ஆகிய தேசிய நினைவிடங்களில் சுடமுடியாது. பெயர்தான் நினைவிடம், அரசு பாதுகாத்து வைத்திருக்கும் பரந்த இயற்கை நிலம் அது. லாஸ் வேகஸ் பக்கம் ரெட் ராக் கேன்யனும் அப்படியே.

சொனோரன் டெசர்ட் தேசிய நினைவிடத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஒரு காலத்தில் பெரும்பகுதி திறந்தே இருந்தது. 2024-இல் வந்த திட்டத் திருத்தம் 4,80,000 ஏக்கருக்கு மேல் மூடி, 5,300 ஏக்கர் அளவுக்குத்தான் குறி சுட விட்டது. பழைய வீடியோவை நம்பிப் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். வீடியோ பொய் சொல்லவில்லை, அது எடுத்த வருடத்தில் அந்த இடம் திறந்திருந்தது.

முகாம் மைதானம், நடைபாதைத் தொடக்கம், சுற்றுலா மேசை போட்ட இடம் என்று பி.எல்.எம். வசதி செய்து வைத்த பொழுதுபோக்கு இடங்களிலும் சுடக்கூடாது. குறி சுடவென்றே அவர்கள் ஒதுக்கிய இடங்கள் மட்டும் விலக்கு. ஃபீனிக்ஸைச் சுற்றி அப்படி பால்டி மவுண்டன், பாக்ஸ் கேன்யன், சர்ச் கேம்ப், சாடில்பேக் மவுண்டன், நாரமோர் ரோடு என்று ஐந்து இருக்கின்றன. முதல் பயணத்துக்கு இவற்றில் ஒன்றைத்தான் நான் சொல்வேன். அதற்கும் முன்னால் ஒரு முறை, மாநில வனவிலங்குத் துறை நடத்தும் பென் ஏவரி தளத்துக்குப் போய்வந்தால் இன்னும் நல்லது. கட்டணம் உண்டுதான். ஆனால் சுடும் வரிசை எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

நகர எல்லையையும் பாருங்கள். ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள ஊர்களின் எல்லை வீடுகளைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் வெகுதூரம் போகிறது. நகர எல்லைக்குள் கவனக்குறைவாகத் துப்பாக்கி சுடுவது அரிசோனாவில் சிறு அபராதத்தோடு போகிற விஷயம் இல்லை. ஃபெலனி என்ற கடுங்குற்ற வகை. 1999-இல் எங்கிருந்தோ வந்த குண்டு ஒரு 14 வயதுப் பெண்ணை அவள் வீட்டுத் தோட்டத்திலேயே கொன்ற பிறகு, 2000-இல் அந்தச் சட்டத்தை இறுக்கினார்கள். லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி), சுடக்கூடாத பகுதிகளுக்குத் தனி வரைபடமே வைத்திருக்கிறது.

இவ்வளவும் பார்த்துவிட்டு, அந்தப் பகுதிக்கான பி.எல்.எம். கள அலுவலகத்துக்கு வேலை நாளில் போன் செய்யுங்கள். சனிக்கிழமை காலை யாரும் எடுக்க மாட்டார்கள். இடத்தின் ஆயத்தொலைவுகளைச் சொல்லி, "இங்கே பொழுதுபோக்குக் குறி சுடுதலுக்கு அனுமதி உண்டா?" என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். "துப்பாக்கி கொண்டுபோகலாமா?", "வேட்டைக்குத் திறந்திருக்கிறதா?" என்று கேட்டால் 'ஆம்' என்றுதான் வரும். அந்த 'ஆம்' உங்களுக்குப் பயன்படாது.

4. கிளம்பும் காலையில் தீ ஆணையைப் பாருங்கள்

போன மாதம் திறந்த இடம் இன்று மூடியிருக்கலாம். கோடையில் புல் காய்ந்து, ஜூலை வாக்கில் பருவமழை இறங்கும் வரை தீக் கட்டுப்பாட்டு ஆணைகள் வரும். அவற்றில் பல, வேட்டையைத் தவிர மற்ற எல்லாச் சுடுதலையும் நிறுத்தும். ஆகவே முந்தின வாரம் பார்த்தது செல்லாது. அன்றைய காலையில் பாருங்கள். பி.எல்.எம்., காட்டுத்துறை, கவுன்டி மூன்றும் தனித்தனியாக ஆணை போடும்.

"ஈயக் குண்டு மண்ணில் விழுந்தால் தீப்பிடிக்குமா என்ன?" என்று கேட்பார்கள். அமெரிக்கக் காட்டுத்துறை ஆய்வாளர்கள் 2013-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ரைஃபிள் குண்டு கடினமான பரப்பில் மோதிச் சிதறும்போது துண்டுகளின் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடுகிறது. உள்ளே எஃகு வைத்த குண்டு, எஃகு உறை போட்ட குண்டு, முழுச் செம்புக் குண்டு ஆகியவைதான் காய்ந்த சருகை எளிதாகப் பற்றவைத்தன. ஈயத்தின் மேல் செம்பு உறை போட்டவை அந்த அளவுக்கு இல்லை.

அதனால் ஒரு சிறு காந்தத்தைத் தோட்டாப் பெட்டியோடு போட்டு வையுங்கள். பித்தளைக் கூட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், குண்டின் முனையில் வையுங்கள். ஒட்டினால் எஃகு இருக்கிறது. காய்ந்த பருவத்தில் வீட்டிலேயே விடுங்கள். முழுச் செம்பு காந்தத்தில் ஒட்டாது, அதற்குப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டியதுதான்.

பாதை காட்டும் ட்ரேசர் குண்டும் தீமூட்டும் குண்டும் பி.எல்.எம். நிலத்தில் எந்தப் பருவத்திலும் தடை. சுட்டால் வெடிக்கும் இலக்குப் பொடியைத் தொடவே தொடாதீர்கள். 2017 ஏப்ரலில் டூசானுக்குத் தெற்கே, பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் விழாவில் ஒருவர் அப்படி ஓர் இலக்கைச் சுட்டார். சுமார் 47,000 ஏக்கர் எரிந்தது. 80 லட்சம் டாலருக்கு மேல் அவர் தலையில் வந்தது. அணைத்த செலவைத் தீ வைத்தவரிடம் வசூலிப்பார்கள் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

5. எடுத்துப்போக வேண்டியவை

ஒவ்வொருவருக்கும் கண்ணாடியும் காதடைப்பானும். வேடிக்கை பார்க்க வருகிறவருக்கும் சேர்த்து. முதலுதவிப் பெட்டியில் ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டை இருக்கட்டும், அதைக் கட்டத் தெரிந்த ஒருவரும் கூட இருக்கட்டும். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். தீக்கென்று தனியாக இருபது லிட்டர் கேன் ஒன்று, ஒரு மண்வெட்டி, ஒரு தீயணைப்பான். குப்பைக்குத் தடித்த பை மூன்று, ஒரு கையுறை, ஒரு விரிப்பு. விரிப்பு எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

6. வண்டியில்

அரிசோனாவுக்குள் விதி தளர்வு. ஆனாலும் குண்டு போடாமல், பூட்டிய பெட்டியில், தோட்டாவைத் தனியாக வைப்பதையே பழக்கமாக்குங்கள். மாநில எல்லை தாண்டும்போது அந்தப் பழக்கம் காப்பாற்றும். குறிப்பாக கலிஃபோர்னியாவுக்குள் நுழையும்போது: பத்து ரவுண்டுக்கு மேல் கொள்ளும் மேகசினை (துப்பாக்கியில் தோட்டா அடுக்கிச் செருகும் பகுதி) அங்கே கொண்டுபோவதே குற்றம். அரிசோனாவில் சாதாரணமாக விற்கும் சில ரைஃபிள்களும் அங்கே தடை. "எல்லை தாண்டி ஐந்து மைல்தான் போனோம்" என்பது காரணமாகாது.

ஏற்கெனவே இருக்கும் மண்பாதையை விட்டு வண்டியை இறக்காதீர்கள். விதி மட்டும் காரணமில்லை. சூடான சைலன்சர் காய்ந்த புல் மேல் நின்றால் துப்பாக்கியே இல்லாமல் தீ வரும்.

7. மேட்டைத் தேர்ந்தெடுப்பது

இனிமேல்தான் துப்பாக்கிப் பெட்டி பக்கம் போகும் வேலை. ஆனால் இன்னும் திறக்காதீர்கள்.

.22 தோட்டாப் பெட்டியை எடுத்துப் பாருங்கள், குண்டு ஒன்றரை மைல் போகும் என்று எச்சரிக்கை போட்டிருக்கும். பொம்மை மாதிரி இருக்கும் தோட்டாவே அப்படி. பெரிய ரைஃபிள் குண்டு அதைவிட வெகுதூரம் போகும். ஆகவே பின்னால் மண்மேடு இல்லாமல் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. "அந்தப் பக்கம் எதுவுமே இல்லையே அண்ணா" என்பார்கள். கண்ணுக்கு எட்டும் தூரம் வரைதான் எதுவுமே இல்லை.

நல்ல மேடு என்றால் மூன்று குணம். செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்வான மண்ணில் குண்டு தட்டையான கல்லைக் குளத்தில் எறிந்தது மாதிரி தாவிப்போகும். பாறை இல்லாத மண்ணாக இருக்க வேண்டும். பாறையில் பட்டால் திரும்பி வரும், பொறியும் பறக்கும். இலக்கைவிட நன்றாக உயரமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் புதிதாகச் சுடுகிறவர் நீங்கள் நினைப்பதைவிட மேலே சுடுவார்.

மேட்டைப் பார்த்ததும் உடனே இலக்கை நடாதீர்கள். மேட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் பாருங்கள். இது கால் மணி நேர வேலை, எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். ஒரு முறை எங்கள் கூட்டத்தில் இருவர் "பின்னால் என்ன இருக்கப்போகிறது" என்று கீழேயே நின்றுவிட்டார்கள். நான் ஏறிப் பார்த்தேன். அடிவாரத்தில் ஒரு கூடாரம், அதன் வாசலில் ஒரு சின்னப் பையன் மண்ணில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வரைபடத்தில் அங்கே பாதையே இல்லை. அதற்குப் பிறகு ஏறாமல் நான் சுட்டதில்லை.

காய்ந்த ஓடையின் கரை பார்க்க அருமையான மேடு. ஆனால் ஓடைப் படுகையே மணலில் வண்டி ஓட்டி விளையாடுகிறவர்களின் சாலை. வளைவைச் சுற்றி அறுபது மைல் வேகத்தில் வருவார்கள். காதை அடைத்திருக்கும் உங்களுக்கு எஞ்சின் சத்தம் கேட்காது. படுகையில் சக்கரத் தடம் புதிதாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். மழைக்காலத்தில் இன்னொரு காரணமும் உண்டு: இருபது மைலுக்கு அப்பால் பெய்த மழை உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வரும்.

பக்கங்களையும் பாருங்கள். சாலை, நடைபாதை, மின்கம்பம், கால்நடைத் தொட்டி, வனவிலங்குக்குத் தண்ணீர் வைத்த தொட்டி எதுவும் சுடும் திசையில் இருக்கக்கூடாது. வீட்டைப் பொறுத்தவரை, வேட்டைக்காரர்களுக்கு அரிசோனா விதி கால் மைல். நான் ஒரு மைல் வைத்துக்கொள்கிறேன். பாறையில் பழங்கால ஓவியக் கீறல் தெரிந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். கைவிட்ட சுரங்க வாயைப் பார்த்தும் சுடாதீர்கள். உள்ளே வௌவால் இருக்கும், சில நேரம் ஆளும் இருப்பார்.

8. இலக்கு

தாளும் அட்டையும்தான் முதல் பயணத்துக்கு. மரச்சட்டத்தில் குத்தி நிறுத்துங்கள். மேட்டின் அடியில், மேட்டை ஒட்டி வையுங்கள். புதியவர்கள் நன்றாகத் தெரியட்டும் என்று மேட்டின் உச்சியில் வைப்பார்கள். கொஞ்சம் மேலே போன குண்டுக்கு அங்கே வானம் மட்டும்தான் தடுப்பு. இலக்கின் நடுவைத் துளைத்த குண்டு மேட்டின் மண்ணில் போய்ப் புதைகிறதா என்று சுடும் இடத்தில் அதே உயரத்தில் நின்று கண்ணால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

எஃகு இலக்கு வேண்டுமென்றால் அதற்கென்று செய்த கடினத் தகடு மட்டும். கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 10 யார்டு, ரைஃபிளுக்கு 100 யார்டு. கிட்டே நின்றால் சில்லு திரும்பி முகத்துக்கு வரும். குழி விழுந்த தகட்டைத் தூக்கிப்போடுங்கள். குழியில் படும் குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லமுடியாது.

கண்ணாடி பாட்டில், டிவி, கணினி, எரிவாயு உருளை எதுவும் வேண்டாம். கண்ணாடித் தூளைப் பாலைவன மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்கவே முடியாது. "நாங்கள் கொண்டுவரவில்லை, ஏற்கெனவே இங்கே கிடந்த ஃப்ரிட்ஜைத்தான் சுட்டோம்" என்றாலும் சிதறிய துண்டு உங்கள் குப்பைதான்.

உயிருள்ள எதுவும் இலக்கு ஆகாது. செடியும் உயிர்தான். சவாரோ கள்ளிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1982-இல் லேக் பிளசன்ட் அருகே ஒருவர் சவாரோவைச் சுட்டு விளையாடினார்; அதன் கிளை முறிந்து மேலே விழுந்து செத்தார். அரிசோனாக்காரர்கள் இதை இன்னமும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். மரத்தில் ஆணி அடித்து இலக்கு மாட்டுவதும் சேதப்படுத்துவதுதான்.

9. சுடும் கோடு

மண்ணில் ஒரு கோடு கிழியுங்கள், அல்லது கயிறு போடுங்கள். எல்லோரும் அதன் மேல் நின்றுதான் சுட வேண்டும். ஒருவர் முன்னே ஒருவர் பின்னே நிற்கக்கூடாது. வண்டிகள் கோட்டுக்குப் பின்னால்.

ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். அவர் அன்றைக்குச் சுடுவதைவிடப் பார்ப்பதுதான் வேலை. இரண்டே கட்டளை போதும்: "சுடலாம்", "நிறுத்து". 'நிறுத்து' என்று யார் வேண்டுமானாலும் கத்தலாம், ஏன் என்று கேட்காமல் எல்லோரும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலி என்று திறந்து காட்டி, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்னே வர வேண்டும். யாராவது இலக்குப் பக்கம் போயிருக்கும்போது மேசையில் கை வைக்கவே கூடாது. துடைக்கக்கூட.

அடிப்படை நான்கு. எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினையுங்கள். சுட விரும்பாத எதன் பக்கமும் துப்பாக்கியின் வாயைத் திருப்பாதீர்கள். குறி பார்த்து முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இலக்கும் இலக்குக்குப் பின்னால் இருப்பதும் என்ன என்று தெரிந்திருக்கட்டும். இதில் அதிகம் மீறப்படுவது இரண்டாவது. சுட்டது நன்றாகப் பட்டதும் மகிழ்ச்சியில் "பார்த்தீர்களா!" என்று உடம்போடு திரும்புவார்கள், கையும் கூடவே திரும்பும். முதல்முறைக்காரரின் வலது தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று, தேவைப்பட்டால் அந்தக் கையை முன்பக்கமாகவே பிடிக்க வேண்டும். முதல் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுக் கொடுங்கள். உதைப்பில் பயந்து துப்பாக்கியை ஆட்டினாலும் உள்ளே அடுத்தது இருக்காது.

10. நடுவில் யாராவது வந்தால்

மிதிவண்டிக்காரர், குதிரைக்காரர், மாடு, காட்டுக் கழுதை எது கோட்டுக்கு முன்னால் தெரிந்தாலும் 'நிறுத்து'. காட்டுக் கழுதைக்கு 1971 முதல் ஃபெடரல் பாதுகாப்பு இருக்கிறது. அது போகும்போதுதான் போகும், காத்திருங்கள்.

ரேஞ்சர் வண்டி வந்தால் பதறாதீர்கள். துப்பாக்கிகளைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து, கை தெரியும்படி நில்லுங்கள். அவர் கேட்கும் முன் பைக்குள் கைவிட்டு உரிமத்தைத் தேட வேண்டாம், "உரிமம் பையில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். அவர் இந்த இடம் மூடியது என்று சொன்னால் வாதாடாமல் கிளம்புங்கள். உங்கள் வரைபடம் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

11. பொறுக்குவது, கழுவுவது

சுடுவதற்கு ஒரு மணி நேரம் என்றால் பொறுக்குவதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், வெளிச்சம் இருக்கும்போதே. காலிக் கூடு, ஷாட்கன் பிளாஸ்டிக், இலக்குத் தாள், இலக்காக எறியும் களிமண் தட்டின் சில்லு எல்லாம் பைக்குள் போக வேண்டும். இதற்குத்தான் அந்த விரிப்பு: கோட்டின் வலப்பக்கம் விரித்து வைத்தால் கூடுகள் பெரும்பாலும் அதன் மேலேயே விழும், சுருட்டி எடுத்துவிடலாம். விரிப்புக்கு வெளியே போனதைக் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். புதரடியில் கைவிடும் முன் குச்சியால் தட்டுங்கள். நிழலுக்கு விரியன் பாம்பு படுத்திருக்கும்.

சாப்பாட்டு மிச்சத்தையும் விடாதீர்கள். மொஹாவி பக்கம் குப்பைக்கு வரும் அண்டங்காக்கைகள் அப்படியே பாலைவன ஆமைக் குஞ்சுகளையும் கொத்தித் தின்கின்றன. அந்த ஆமை 1990 முதல் அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. அப்புறம், ஓர் இடம் குப்பையாகிவிட்டால் அதை மூடச் சொல்லி மனு போக வெகுநேரம் ஆகாது. முடிந்தால் முன்னே வந்தவர் போட்டதிலும் ஒரு பை எடுத்து வாருங்கள்.

கடைசியாகச் சுட்டு அரை மணி நேரம் கழித்து, கிளம்பும் முன் மேட்டை இன்னொரு முறை பாருங்கள். புகை வாசம் வந்தால் மண்ணைக் கிளறித் தண்ணீர் ஊற்றுங்கள். அணையாது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 911.

கடைசியாக ஈயம். சுட்ட கையில் ஈயத் தூள் ஒட்டியிருக்கும், சட்டையிலும் செருப்பிலும்கூட. கழுவாத கையோடு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். காலணியை வண்டியின் டிக்கியிலேயே விடுங்கள், போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், குளித்துவிட்டு வந்த பிறகு தூக்குங்கள்.